யாரோ ஒருவர் பார்ப்பதுபோல்

லிண்டோமார் போன ஜூன் மாதம் பெலோட்டாஸில் காலமானார். நுரையீரல் கோளாறு. பல்கலைக்கழகத்தில் மின்சாரப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கறுப்பர். மனைவி மார்லி வெள்ளைக்காரி. ஒரே மகள் ஜுஸாரா, மின் பொறியாளர். பத்திரிகையில் இரங்கல் செய்தி போடுவதென்றால் இவ்வளவு போதும். ஆனால் கடைசிச் சில வருஷங்களாக அவர் யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசவில்லை. பழகியவர்கள் எல்லோரும் அதைக் கவனித்திருந்தார்கள். காரணம் சிலருக்குத்தான் தெரியும்.

அதற்கு முன்னால் அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஏணியில் நின்று வேலை செய்யும்போது கீழே ஒரு துறைத்தலைவர் வந்து நின்று அவசரப்படுத்தினால், "வாத்தியாரே, அண்ணாந்து பாத்தா கரண்ட் வந்துடாது, போய் காப்பி குடிச்சிட்டு வாங்க" என்று சிரிக்காமல் சொல்வார். துறைத்தலைவரும் போய்விடுவார்.

மார்லியைக் கட்டிக்கொண்டதும் அந்தத் தோரணையில்தான். அவள் வீட்டார் ஊருக்கு வெளியே பீச் தோட்டம் வைத்திருந்த, முன்னோர் காலத்தில் கப்பலேறி வந்து குடியேறிய பொமரேனியக் குடியானவர்கள். வீட்டுக்குள் இன்னமும் பழைய ஜெர்மன் பேச்சு. கல்யாணத்துக்கு அவளுடைய அப்பா வரவில்லை. இரண்டு கூடை பீச் பழம் மட்டும் வந்தது. மாமனாரைவிடப் பழம் மேல், வாயைத் திறந்து எதுவும் சொல்லாது என்று லிண்டோமார் எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தார்.

ஜுஸாரா பிறந்தபோது மகப்பேறு வார்டில் நர்ஸ் அவரிடம், யாருடைய கார் ஓட்டுநர் என்று கேட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த குழந்தை தாயின் நிறம். பழுப்பு முடி, சாம்பல் கண். அவர் சிரித்தபடி, ஓட்டுநர்தான், இந்த வண்டியை இனி நான்தான் ஓட்டணும் என்றாராம். வீட்டுக்கு வந்தபிறகு, மாத்தே என்கிற கசப்புத் தேநீரைக் குடுவையில் ஊற்றிவிட்டு, குடிக்காமலேயே ஆறவிட்டுவிட்டார் என்று மார்லி சொல்வாள்.

குழந்தை நடக்க ஆரம்பித்தபிறகு ஒருநாள் சதுக்கத்தில் போலீஸ்காரன் ஒருவன் அவரை நிறுத்தி, இது யார் பிள்ளை என்று கேட்டான். மார்லி மிட்டாய்க் கடையிலிருந்து ஓடிவந்து சொல்லும்வரை விடவில்லை. அன்றிலிருந்து லிண்டோமார் மகளுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தார். கடைக்குள் போனால், பேருந்தில் ஏறினால், முதல் வேலையாகச் சத்தமாக அப்பா என்று கூப்பிட வேண்டும். அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். தொழிற்சாலைச் சங்கு மாதிரி அலறுவாள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், பிறகு பார்வையை விலக்கிக்கொள்வார்கள். அவருக்கு அந்த இரண்டாவது அசைவுதான் பிடிக்கும்.

கார்னிவல் திருவிழாச் சமயத்தில் அவளைத் தோளில் வைத்துக் கறுப்பர் மன்றத்துக்குக் கூட்டிப்போவார். ஒரு காலத்தில் வெள்ளையர் மன்றங்களில் சேர்த்துக்கொள்ளாததால் அவருடைய தாத்தா தலைமுறையினர் தாங்களே கட்டிக்கொண்ட மன்றம். வாசலில் நில்ஸா நிற்பாள். அரசுப் பள்ளியில் சமையல் வேலை, மன்றத்துக்குத் தலைவி, நாக்கு கொஞ்சம் நீளம். "லிண்டோ, இந்தப் பாப்பாவுக்குத் தனியா அழைப்பிதழ் இருக்கா?" என்று ஒரு முறை கேட்டாள். விளையாட்டுக்குத்தான். அவர் சிரிக்கவில்லை. இவள் உடம்பில் ஓடுவது என் ரத்தம் என்று அங்கேயே சத்தம் போட்டார். நில்ஸா அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவள் மகன் எடர்சனும் ஜுஸாராவும் ஒரே வயது, ஒரே அரசுப் பள்ளி. மன்றத்தின் நடன மேடையில் ஒருவர் காலை ஒருவர் மிதித்து வளர்ந்தவர்கள்.

இரண்டு பிள்ளைகளும் ஒரே வருஷம், 2013இல், மின் பொறியியலுக்கு விண்ணப்பித்தார்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பாதி இடம், அதற்குள் கறுப்பர்களுக்கும் மாநிறத்தவர் எனப்படும் கலப்பினத்தவர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் ஒரு பங்கு என்று சட்டம் வந்த புதிது. யாரும் யாரையும் சரிபார்க்கவில்லை. தன் நிறத்தை அவரவரே சொல்லிக்கொண்டால் போதும். சமையலறை மேஜையில் கணினியை வைத்துக்கொண்டு ஜுஸாரா அப்பாவைப் பார்த்தாள்.

"இதுல என்ன போடறதுப்பா?"

"உங்கப்பன் யாரு?"

"நீதான்."

"அப்புறம் என்ன கேள்வி?"

அவள் மாநிறம் என்று போட்டாள். அவர் அப்போது மாத்தேவுக்குத் தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார். அந்த முடிவுக்கு அவர் செலவழித்த யோசனை அவ்வளவுதான்.

அவளுக்கு இடம் கிடைத்தது. எடர்சனுக்குக் கிடைக்கவில்லை. அதே பங்குக்கான காத்திருப்போர் வரிசையில் முதல் ஆள் அவன், ஆனால் வரிசை நகரவே இல்லை. நில்ஸா அன்று சாயங்காலமே தேங்காய் கேக் செய்து எடுத்துக்கொண்டு வந்து ஜுஸாராவைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள். லிண்டோமார், எடர்சனுக்கு அடுத்த வருஷம் நிச்சயம் என்று ஆறுதல் சொன்னார். அடுத்த வருஷம் நில்ஸாவின் புருஷன் வீட்டை விட்டுப் போய்விட்டான். எடர்சன் மின்சார ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கம்பம் ஏறும் வேலைக்குச் சேர்ந்தான். தெருவில் லிண்டோமாரைக் கண்டால் கம்பத்து உச்சியிலிருந்து கை காட்டுவான். அவரும் கை காட்டுவார். மகளுக்குக் கிடைத்த இடத்தையும் அவன் ஏறிய கம்பத்தையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றியதே இல்லை. பொய் சொன்னோம் என்றோ, பிடுங்கினோம் என்றோ அவர் மனதில் ஒரு துளியும் இல்லை. அவர் கறுப்பர், அவருடைய மகளும் அப்படித்தான். அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

ஐந்தாறு வருஷத்தில் நிலைமை மாறியது. நீலக் கண் பிள்ளைகளெல்லாம் மாநிறம் என்று எழுதி மருத்துவத்தில் நுழைந்துவிட்டதாக மாணவர்கள் போராடினார்கள். பல்கலைக்கழகம் ஒரு குழு அமைத்தது. பங்கு கேட்கும் ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து பேர் முன்னால் வந்து நின்று, பதிவு செய்யும் காமிராவைப் பார்த்துத் தன் நிறத்தைச் சொல்ல வேண்டும். ஐவரும் பார்த்துவிட்டுத் தனித்தனியாக ஆம் அல்லது இல்லை என்று எழுதுவார்கள். ஊழியர் தரப்பில் ஓர் ஆள் வேண்டுமென்று கறுப்பர் மன்றத்தைக் கேட்டபோது நில்ஸா லிண்டோமார் பேரைக் கொடுத்தாள். பார்வைக்கு ஆளானவனுக்குத்தான் பார்க்கத் தெரியும் என்று பரிந்துரைத்தாளாம். அவருக்கு ரொம்பப் பெருமை. மார்லியைப் புதுச் சட்டை தேய்க்கச் சொன்னார்.

குழுவுக்குத் தலைமை பேராசிரியை சூலெய்க்கா. முதல் நாள் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தாள். "ரத்தத்தைச் சோதிக்கிற வேலை நமக்கில்ல. தாத்தா யாரு, அம்மா யாருன்னு கேக்கக் கூடாது. போட்டோ கொண்டு வந்தா வாங்கக் கூடாது. கடை வாசல்ல நிக்கிற காவலாளி, இந்தப் பிள்ளை உள்ள நுழைஞ்சா பின்னாலயே போவானா? அதை மட்டும் பாருங்க. தெரிஞ்சவங்களா பாக்காதீங்க. யாரோ ஒருத்தர் பாக்கிற மாதிரி பாருங்க."

அந்தப் பார்வை அவருக்கு எளிதில் வந்தது. வாழ்நாள் முழுக்க அந்தக் காவலாளியைத் தன் முதுகில் உணர்ந்தவர். வேடிக்கையான பிள்ளைகளும் வந்தார்கள். மொட்டை மாடியில் ஒரு வாரம் எண்ணெய் தடவிக் காய்ந்துவிட்டு வந்தவன் ஒருவன், மூக்கு உரிந்து தொங்கியது. ஒரு பெண்ணின் வெள்ளைக் காலரில் பூச்சு ஆரஞ்சாக ஒட்டியிருந்தது. அவர்கள் போனபிறகு குழுவில் ஒருவர் ஜன்னலைத் திறந்து, "சாயம் காயட்டும்" என்பார். லிண்டோமாரும் சிரிப்பார். கறுப்புப் பிள்ளைகள் வந்து நின்றால், தப்பு செய்து பிடிபட்டவர்கள் மாதிரி குரல் கம்ம, நான் கறுப்பு என்று காமிராவைப் பார்த்துச் சொல்வார்கள். அவர் அவர்களைப் பார்த்து லேசாகத் தலையாட்டுவார். தலையாட்டக் கூடாது என்று விதி. சூலெய்க்கா பார்க்காத மாதிரி இருந்துவிடுவாள்.

இரண்டாவது வருஷம் மிரெலா என்று ஒரு பெண் வந்தாள்.

பழுப்பு முடி. சாம்பல் கண். ஒரு காலில் எடையைப் போட்டு நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாநிறத்தவள் என்று அறிவிக்கிறேன் என்று தெளிவாகச் சொன்னாள். அவளிடம் பூச்சு இல்லை, நடிப்பு இல்லை. மற்ற நாலு பேனாக்களும் உடனே நகர்ந்தன. லிண்டோமாரின் பேனா நின்றது. ஜுஸாரா நிற்பது அப்படித்தான். மூக்கின் நுனிகூட அப்படித்தான். பயிற்சியில் சொன்ன காவலாளியை அவர் நினைத்துப் பார்த்தார். காவலாளி இந்தப் பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிடுவான். சந்தேகமே இல்லை. அவர் இல்லை என்று எழுதினார். அது சரியான விடை என்பதும் அவருக்குத் தெரிந்தது. தாளைக் கவிழ்த்து வைத்தார்.

ஐந்து தாளிலும் இல்லை என்றே இருந்தது. முடிவை அங்கேயே சொல்லிவிடுவது வழக்கம். லிண்டோமார் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் ஓர் ஆள் எழுந்து நின்றார். லாரி ஓட்டுநர்கள் போடும் தடிமனான மேல்சட்டை. லிண்டோமார் வயதுதான். லிண்டோமாரைவிடக் கறுப்பு. கையில் ஒரு குடும்பப் படம், யாரும் வாங்கிப் பார்க்காதது.

"அண்ணே, நீங்க உள்ள உக்காந்திருந்தவர்தானே?"

குழு உறுப்பினர்கள் பேசக் கூடாது. லிண்டோமார் நின்றுவிட்டார்.

"நீங்களும் கறுப்பன், நானும் கறுப்பன். அப்ப எம்பொண்ணு எங்கேருந்து வந்தா? ஆத்துல மிதந்து வந்தாளா?"

"நாங்க பாக்கறது அது இல்லீங்க."

"வேற எதைப் பாக்கறீங்க?"

"தெருவுல அவளை எவனும் நிறுத்தமாட்டான். உங்களைத்தான் நிறுத்துவான்."

"அது எனக்குத் தெரியாதா? அவகூட நடந்து போறப்ப என்னை எத்தனை பேர் நிறுத்தியிருக்கான் தெரியுமா?" அந்த ஆள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா அண்ணே?"

அன்று ஜுஸாரா அவரை அழைத்துப்போகக் காரில் வந்திருந்தாள். மாடிப்படி முடிகிற இடத்தில் கார் சாவியோடு நின்றுகொண்டிருந்தாள். லிண்டோமார் அவளைப் பார்த்தார். அந்த ஆளும் திரும்பி அவளைப் பார்த்துவிட்டு, யாரோ ஆசிரியை என்று நினைத்து வழிவிட்டு ஒதுங்கினார்.

"இல்லை" என்றார் லிண்டோமார்.

"அதான்" என்றார் அந்த ஆள்.

மிரெலா வந்து தன் அப்பாவின் கையைப் பிடித்து, போலாம் வாப்பா, போதும் என்று இழுத்துக்கொண்டு போனாள்.

காரில் ஏறினார்கள். கால்வாய் சாலைக்குத் திரும்பியபிறகு ஜுஸாரா கேட்டாள்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"இருக்குன்னு சொன்னா அடுத்ததைக் கேட்டிருப்பான்."

"அடுத்தது என்ன?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அவள் படித்தவள், கணக்கு தெரிந்தவள். கொஞ்ச தூரத்தில் தானாகவே வந்து சேர்ந்தாள். "அங்க என்னைய நிக்க வெச்சிருந்தா?"

"பச்சை விழுந்துடுச்சு. வண்டிய எடு."

அன்று அவள் சாப்பிட்டுவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தாள். மார்லி உருளைக்கிழங்கும் தொத்திறைச்சியும் செய்திருந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்த மகளை லிண்டோமார் நிமிர்ந்து பார்த்தார். கண் தானாகவே பழக்கத்துக்குப் போய்விட்டது. யாரோ ஒருவர் பார்ப்பதுபோல் பார்த்தது. தன் வீட்டு மேஜையில், தன் ரொட்டியைத் தின்றுகொண்டு, முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு மூச்சு நேரம்தான். மறுபடி ஜுஸாரா ஆகிவிட்டாள். ஆனால் அவர் பார்த்துவிட்டார், அவர் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். மார்லி மட்டும் கடுகுச் சாந்து வேணுமா என்று இருவரையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தாள். லிண்டோமார் தட்டைப் பார்த்துக்கொண்டே, வேண்டாம் என்றார். அவர் தலை குனிந்தது அன்றுதான்.

அந்தச் சனிக்கிழமை மன்றத்தில் விருந்து. நில்ஸா சமையலறையில் கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பெரிய பானையில் கறுப்பு மொச்சை பன்றி இறைச்சியோடு கொதித்தது. லிண்டோமார் கதவைச் சாத்திவிட்டு நின்றார்.

"அக்கா, குழுவிலேருந்து என் பேரை எடுத்துடு."

"ஏன், கண்ணு தெரியலையா?"

"தெரியுது."

கத்தி நின்றது. அவர் சொல்ல ஆரம்பித்தார். மிரெலாவைப் பற்றி, அவள் அப்பாவைப் பற்றி, தாழ்வாரத்தில் தன் வாயிலிருந்து வந்ததைப் பற்றி. ஜுஸாராவுக்குக் கிடைத்த இடம் எடர்சனுடையது என்பதைச் சொல்ல வந்தவர், எடர்சன் பேரைச் சொன்னதோடு நிறுத்திவிட்டார். நில்ஸா மறுபடி நறுக்க ஆரம்பித்திருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்பலேருந்து?"

"முடிவு வந்த அன்னிலேருந்து. கேக் எடுத்துட்டு வந்தேனே, நீ ரெண்டு துண்டு தின்ன."

"ஒரு வார்த்தை சொல்லலையே அக்கா."

"என்னன்னு சொல்றது? ஒம்மக வெள்ளைன்னா? வாசல்ல ஒருநாள் சும்மா சொன்னதுக்கே நீ என்னைக் கடிச்சுத் தின்னுட்ட." அவள் கீரையைப் பானையோரம் தள்ளினாள். "நீ பொய் சொல்லல லிண்டோ. அது எனக்குத் தெரியும். உனக்குப் பாக்க முடியல, அவ்வளவுதான். பாக்கட்டும்னுதான் உன் பேரைக் குடுத்தேன்."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது அவருக்கு. தகுதிக்குக் கொடுத்த நாற்காலி என்று சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது.  பிறகு, எடர்சனுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"கம்பத்து மேல உக்காந்திருந்தா யோசிக்க நிறைய நேரமாம். அவனே சொன்னான்."

"நான் விலகிடறேன் அக்கா."

"விலகாத. உன் நாற்காலில பாக்கத் தெரியாத இன்னொருத்தன் வந்து உக்காருவான். அவனுக்குக் கண்ணு திறக்கறதுக்கு நான் இன்னும் எத்தனை வருஷம் காத்திருக்கணும்? போ, அந்த உப்பை எடு."

அவர் உப்பை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த முறை குழு கூடியபோது, யாருக்காவது ஒதுங்கிக்கொள்ளக் காரணம் உண்டா என்று சூலெய்க்கா வழக்கமாகக் கேட்டாள். லிண்டோமார் எழுந்து நின்றார். தன் மகள் இந்தப் பங்கில்தான் படித்தாள் என்றும், இன்று அவள் இங்கே வந்து நின்றால் தான் இல்லை என்றே எழுதவேண்டியிருக்கும் என்றும், இது தெரிந்தபின் தன்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும் என்றும் சொன்னார். அன்றைய சட்டத்துக்கு விண்ணப்பித்தவர் சொன்னதே போதுமானது, இதில் குற்றம் எதுவும் இல்லை, உட்காருங்கள் என்றாள் சூலெய்க்கா. சட்டத்தைப் பற்றித் தான் பேசவில்லை என்றார் அவர். உட்காரவும் செய்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும், ஆள் மாறினாலும் மாறாவிட்டாலும், அதையே எழுந்து சொன்னார். புதிதாக வந்தவர்கள் நெளிவார்கள். பழையவர்கள் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

அப்படிச் சொன்னது வெளியே போகாமல் இருக்குமா? ஜுஸாராவின் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே யாரும் அவளைத் திட்டவில்லை. காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரச் சகா ஒருவன் தோளைத் தட்டி, பலே கெட்டிக்காரி, எனக்கு அந்த யோசனை வராமல் போச்சே என்று கண்ணடித்தான். திட்டியிருந்தால் அவள் திருப்பித் திட்டியிருப்பாள். அந்தக் கண்ணடிப்பைப் பார்த்ததும் காப்பியை அங்கேயே வைத்துவிட்டுத் தன் இருக்கைக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஊருக்கெல்லாம் சொன்ன. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. தன் அவமானம் என்றுதான் அதை நினைத்திருந்தார். அவளுக்கும் அதில் பாகம் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது.

"அன்னிக்குப் போடச் சொன்னதும் நீ. இப்ப அழிக்கறதும் நீ. நடுவுல நான் யாரு?"

மார்லி கைப்பிடித் துணியோடு சமையலறை வாசலுக்கு வந்தாள். "நடுவுல என் ரத்தமும் கொஞ்சம் ஓடுது. யாருக்காவது ஞாபகம் இருந்தா சரி" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

"என்னைப் பாத்து, நிஜமா, இல்லைன்னு எழுதியிருப்பியா?"

"எழுதியிருப்பேன்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவரால் அது மட்டும் முடியவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அந்தக் குளிர்காலம் முழுக்க வரவில்லை. மார்லியைக் கடைத்தெருவில் சந்தித்து முட்டை மிட்டாய் வாங்கிக்கொண்டு போவாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பாளாம். எப்படி இருப்பார் என்று மார்லி பதில் சொல்வாளாம்.

பிறகு கொரோனா வந்தது. லிண்டோமாரின் நுரையீரலில் பாதியைத் தின்றுவிட்டுப் போனது. ஆக்சிஜன் குழாயோடு வீட்டுக்கு வந்தவரைக் கவனிக்க ஜுஸாரா தன் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் பழைய அறைக்கே திரும்பினாள். ஆக்சிஜன் இயந்திரத்துக்குத் தனி மின்கம்பி இழுத்தாள். அவர் படுத்தபடியே, அந்த இணைப்பு தளர்வா இருக்கு என்பார். இல்லை என்பாள். சோதித்துப் பார்த்தால் இறுக்கமாகத்தான் இருக்கும். இந்த மாதிரிப் பேச்சு நிறைய நடந்தது. மற்றதைப் பற்றி ஒன்றும் நடக்கவில்லை.

ஒரே ஒருநாள், அவருக்கு முதுகு தேய்த்துவிடும்போது, எடர்சனைப் போய்ப் பார்த்தேன் என்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாளாம். அவன் இடுப்புப் பட்டையைக் கழற்றிக்கொண்டே, விடு ஜு, நான் சேர்ந்திருந்தாலும் முடிச்சிருக்கமாட்டேன், எனக்குப் படிப்பு ஏறாது என்றானாம். பள்ளியில் கணக்கில் அவளுக்கு முன்னால் இருந்தவன். இருவருக்கும் அது தெரியும். அவள் சும்மா திரும்பி வந்துவிட்டாள்.  அவள் கைக்குக் கீழே லிண்டோமாரின் முதுகு ஒரு முறை விம்மித் தணிந்தது.

அந்த வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஒரு சாயங்காலம் நீலச் சட்டை போட்ட இளம்பெண் கையடக்கக் கருவியோடு வந்து உட்கார்ந்தாள். மாத்தே கொடுத்தார்கள், ஒரு குடுவை குடித்தாள். வீட்டில் ஒருவர் எல்லோருக்காகவும் பதில் சொன்னால் போதும், குடும்பத்தலைவர் நீங்கள்தானே என்று லிண்டோமாரைக் கேட்டாள். பேர், வயது எல்லாம் முடிந்து நிறத்துக்கு வந்தாள்.

"உங்களுக்கு?"

"கறுப்பு."

"மனைவிக்கு?"

"வெள்ளை" என்றாள் மார்லி அடுப்பிலிருந்து. "மூக்கு மட்டும் சிவப்பு. அதையும் போட்டுக்க."

"மகளுக்கு?"

ஜுஸாரா சுடுதண்ணீர்க் குடுவையோடு அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். கணக்கெடுக்க வந்தவள் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். அவள் விரல் திரையில் ஒரு கட்டத்தை நோக்கிப் போய்விட்டது. லிண்டோமார் அந்த விரலைப் பார்த்தார். எந்தக் கட்டம் என்று அவருக்குத் தெரியும். குழுவில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய பேனா போனதும் அங்கேதான். இப்போது தான் வாயைத் திறந்து எதைச் சொன்னாலும் அது தவறு என்று பட்டது.

"அவகிட்டயே கேளும்மா" என்றார்.

ஜுஸாரா சுடுதண்ணீர்க் குடுவையை மேஜைமேல் வைத்தாள். 

"மாநிறம்" என்றாள். கணக்கெடுப்பவளின் விரல் வழியில் நின்று, திரும்பி, வேறு கட்டத்தைத் தொட்டது. "ஆனா அதை வெச்சு இனிமே எதையும் வாங்கிக்கமாட்டேன். அதையும் எழுது."

அந்தப் பெண் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "அதுக்கு இதுல இடம் இல்லக்கா" என்றாள்.

அவள் அடுத்த கேள்விக்குப் போனாள். எல்லா வீட்டிலும் கேட்க வேண்டிய கேள்வி, குரலில் எந்த மாற்றமும் இல்லை.

"உங்க மகளுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?"

லிண்டோமார் தரையைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்" என்றார்.